படிவத்துக்கு ஒரு தையல்

ஹார்ட்வில் தோட்டத்தில் ஆபரேஷன் முடித்து வந்தவரைப் பார்க்கப் போனால், தையலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் மரியாதை. பிஸ்கட் பக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "எத்தனை?" என்று கேட்பார்கள். எட்டு, பதினொன்று என்று பதில் வரும். எண்ணிக்கைக்கு ஏற்ப உச்சுக்கொட்டுவார்கள். ஆகவே, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, பேராதனையிலிருந்து மூன்றாம் நாளே வீடு வந்து சேர்ந்த பாப்பம்மா, "தையல் ஒன்னுமே இல்ல" என்று சொன்னபோது லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் அது பிடிக்கவில்லை.

பக்கத்து அறைக் கலாராணி பித்தப்பை எடுத்தவள், பதினொரு தையல்காரி. இந்த விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. அவள் பாப்பம்மாவின் சேலையை விலக்கிப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் பளபளவென்று காய்ந்த பசை. அவ்வளவுதான்.

"அக்கா, இவங்க ஒன்னும் செய்யலக்கா. மேலால கீறிட்டு அனுப்பிட்டாங்க."

"உள்ள வலை வெச்சு ஒட்டியிருக்காங்களாம்டி. மேலயும் ஒட்டுதான்."

"ஒட்டியா? என்னாக்கா, நீங்க என்ன கல்யாணக் கார்டா?"

கொண்டுவந்த பிஸ்கட் பக்கெட்டைக் கொடுப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று கலாராணி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலை பாப்பம்மா ஆஸ்பத்திரிக் கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். லீவுப் படிவத்தை நிரப்பித் தரவேண்டியவர் டிஸ்பென்சர் லியோன். கண்டி டவுன்காரர், வேதக்காரர், ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்து ஆட்களின் காய்ச்சலையும் வெட்டுக்காயத்தையும் இருபத்துநாலு வருஷமாக அவர்தான் பார்க்கிறார். தையல் போடுவதில் கெட்டிக்காரர். பொய் சொல்வதில் மகா மோசம். அந்த இருபத்துநாலு வருஷத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஒரே பொய்யை நாற்பத்திமூன்று தரம் எழுதினார். அந்தக் கதை பிறகு வரும்.

படிவத்தின் பெயர் 'படிவம் 11'. அதில் நோயின் பெயருக்கு இடம் இல்லை. வலிக்கும் இடம் இல்லை. உடம்பின் எந்தப் பாகம், எத்தனை தையல், பிரிக்கும் திகதி என்று மூன்று பெட்டிகள்தான். வயிற்றில் தையல் என்றால், தையல் பிரித்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் லீவு. தையல் இல்லாவிட்டால் அது 'சிறு காயம்'. வீடு வந்த நாளையும் சேர்த்து மூன்று நாள். பாப்பம்மா வந்தது செவ்வாய்க்கிழமை.

லியோன் கார்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார். கீழே டொக்டர் ஆஸிகாவின் பெயரும் நம்பரும் இருந்தன. ஆபரேஷன் செய்தவரும், இந்தப் பசையை வைத்து ஆராய்ச்சி செய்பவரும் அவர்தான். அக்குறணைக்காரர். லியோன் அவருக்குப் போன் எடுத்தார்.

"அது ரெண்டு ஊசியில வாற பசை, மிஸ்டர் லியோன்," என்றார் டொக்டர் ஆஸிகா. "தனித்தனியா ஈக்கக்குள்ள தண்ணி மாதிரி. ரெண்டும் சேந்தா ஒரு நிமிஷத்தில பிடிச்சிக்கும். ஈரத்திலயே பிடிக்கும், அதுதான் அதுட விசேஷம்."

"பொறகு அத யாரு பிரிக்கிறது டொக்டர்?"

"யாரும் பிரிக்கத் தேவல்ல. ஒடம்புல உள்ள தண்ணியே அத கொஞ்சங் கொஞ்சமா உடைச்சிப் போடும். ஆறு கிழமையில, அதாவது ஒன்றர மாசத்தில, மூச்சோடயும் மூத்திரத்தோடயும் வெளிய போயிரும். ஒரு துண்டும் மிஞ்சாது."

லியோன் 'பிரிக்கும் திகதி' என்ற பெட்டியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"ஆனா ஒன்னு நல்லா கேளுங்க," என்றார் டொக்டர். "பசை ஒவ்வொரு நாளும் பலம் கொறயும். சதை ஒவ்வொரு நாளும் பலம் கூடும். ரெண்டாங் கிழம, மூனாங் கிழமதான் மோசம். பசையும் பாதி, சதையும் பாதி. அந்த நேரம் பாரம் தூக்கினா உள்ள வலை விலகும். குடல் வந்து அதுல சிக்கினா உயிருக்கே ஆபத்து. நாலு கிழமைக்கு ஒரு வாளி தண்ணியும் தூக்க வாணாம். கொழுந்துக் கூடையப் பத்தி கதைக்கவே வாணாம். நான் கடிதம் அனுப்புறன்."

கடிதம் பத்து நிமிடத்தில் போனில் வந்தது. லியோன் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஏறினார்.

பெரிய கிளாக்கர் சேதுராமன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி சொன்னார், கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கம்பியூட்டரில் பாப்பம்மாவின் பெயரைத் தட்டி, 'வயிறு' என்று போட்டு, தையல் பெட்டியில் பூச்சியம் போட்டார். 'சிறு காயம், 3 நாள்' என்று வந்தது. தான் ஒன்றும் மறைக்கவில்லை என்று காட்ட, ஸ்கிரீனை லியோன் பக்கம் திருப்பினார்.

"டொக்டர் கடிதம் இருக்கே, கிளாக்கர் ஐயா."

"இருக்குதானே. அருமையான கடிதம். ஃபைல்ல போட்டுர்றேன்."

"ஃபைல்ல போட்டா லீவு வருமா?"

"அது எப்படி வரும்? இந்தப் பெட்டி வெறும் இலக்கத்த மட்டுந்தானே எடுக்குது."

"லேசான வேலையாவது குடுங்களேன். பிள்ளை மடுவத்துல பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

"லேசான வேலைக்கும் தையல் வேணுங்க, டிஸ்பென்சர் ஐயா."

சேதுராமன் தானாகவே எழும்பிப் போய், தோட்டத்து மனேஜரான தொரையிடமும் கேட்டுவிட்டு வந்தார். அவ்வளவுக்கு நல்ல மனுஷன். "தொரை 'எத்தனை தையல்'னு கேட்டாரு. இல்லைன்னேன். 'அப்ப என்னத்துக்கு லீவு'ன்னாரு. வேணும்னா கொழும்பு ஹெட் ஆபீசுக்கு எழுதச் சொன்னாரு. கமிட்டி கூடி மூணு மாசத்துல பதில் வருமாம்."

"மூணு மாசத்துல அந்தப் பசையே இருக்காது."

"அப்ப பிரச்சினையும் இருக்காதே," என்றார் சேதுராமன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பிரட்டுக்கு வராட்டி?"

பிரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். "பேரு வெட்டுப்படும். பேரு வெட்டுப்பட்டா லயத்து அறையும் போயிரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

லியோனுக்குத் தெரியும். மற்ற எல்லாரையும்விட நன்றாகவே தெரியும். ஏனென்றால் படிவம் 11 பிறந்ததே அவரால்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்பு மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா ஒரு புதன்கிழமையில் வந்தது. கொழுந்து மும்முரமாக வரும் காலம் என்று அப்போதைய தொரை லீவு மறுத்தார். சனங்கள் டிஸ்பென்சரிக்கு வந்து நின்றார்கள். லியோனுக்கு அம்மனோடு பழக்கம் கிடையாது. அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் இளகிய மனசு. செவ்வாய்க்கிழமை பூராவும் உட்கார்ந்து 'காய்ச்சல், ஒரு நாள்' என்று நாற்பத்திமூன்று தரம் எழுதினார். மறுநாள் நாற்பத்திமூன்று காய்ச்சல்காரர்களும் சேர்ந்து தேர் இழுத்தார்கள். நன்றாகவே இழுத்தார்கள். ஒதுங்க இடமில்லாத தோட்டத்து ரோட்டில், தேருக்குப் பின்னால் தொரையின் ஜீப் ஒரு மணித்தியாலம் நின்றது. தொரைக்கு ஆட்களை எண்ண நேரம் இருந்தது.

அடுத்த மாதம் படிவம் 11 வந்தது. காய்ச்சலை நம்ப முடியாது, வலியைப் பார்க்க முடியாது, தையலை எண்ணலாம் என்பது அதன் சாரம். பிரித்த நூலை செலோடேப்பால் படிவத்தில் ஒட்டி அனுப்ப வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. கொழும்பில் யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த மாதம் பாப்பம்மாவின் புருஷன் மருதைக்குக் காய்ச்சல் வந்தது. உண்மையான காய்ச்சல். லியோன் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். ஆபீசில் அதை வாசித்துவிட்டு, "இப்ப எந்தக் கோயில்ல தேரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மருதை இரண்டு நாள் மலைக்கு வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் பெட்டியில் வந்தான்.

அதற்குப் பிறகு லியோன் பொய் எழுதியதில்லை. தலைவலி என்று வருகிறவரிடம்கூட, "வலிக்கிறது உண்மைதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பனடோல் கொடுப்பார். சனங்கள் இதைப் பற்றிச் சிரிப்பார்கள். பாப்பம்மா சிரித்ததில்லை. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் டிஸ்பென்சரிக்கு வந்து கதிரையில் மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றைப் பிடித்தபடி இருந்தது.

"ஐயா, நாளைக்குப் பிரட்டுக்குப் போகணுங்களா?"

"போகக்கூடாது."

"போகாட்டி?"

லியோன் படிவத்தை முன்னால் இழுத்தார். தையல் பெட்டி வெறுமையாக இருந்தது. பேனையை எடுத்தார். ஒன்று என்பது ஒரு சின்னக் கோடுதான். ஒட்டி அனுப்ப நூலும் மேசை லாச்சியில் தாராளமாக இருந்தது. தோலிலிருந்து பிரித்த நூலா, வெறும் நூலா என்று கொழும்பில் யார் முகர்ந்து பார்க்கப்போகிறார்கள்?

"பாப்பம்மா, நான் ஒன்னுன்னு போட்டுர்றேன். யாரும் கேட்டா ஒரு தையல்னு சொல்லுங்க."

"வேணாங்க ஐயா."

"ஏன்? ஒங்க உயிருக்காகத்தானே சொல்றேன்."

பாப்பம்மா மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு எழுதுனீங்களே நாப்பத்திமூணு, அதுல நானும் ஒரு ஆளு. அவரும் ஒரு ஆளு. முன்னுக்கு நின்னு வடத்தப் பிடிச்சதே அவருதான். அந்தப் பொய்ய எழுதாம இருந்திருந்தா, அவரு காய்ச்சல நம்பியிருப்பாங்க. ஒங்கள மட்டும் சொல்லலங்க. நாங்க கேட்டுத்தானே எழுதுனீங்க."

இதை அவள் ஒரு நாள் சொல்வாள் என்று லியோன் பதினொரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். சொன்னபோது வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அப்ப நான் என்னதான் செய்யிறது பாப்பம்மா?"

"ஊசி இருக்குங்களா?"

"இருக்கு."

"ஒரு தையல் போட்டு விட்டுருங்க. அப்ப நீங்க எழுதுறது பொய் இல்லைதானுங்களே."

அவள் கேலி பேசவில்லை. முகம் பருப்பு வாங்க வந்தவளின் முகம் மாதிரிச் சாதாரணமாக இருந்தது. லியோன் எழும்பி ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். பிறகு டொக்டர் ஆஸிகாவுக்குப் போன் எடுத்தார்.

"டொக்டர், பாப்பம்மாவுக்கு ஒரு தையல் போடலாமா? காயத்துக்குத் தள்ளித்தான்."

"ஏன், அங்க கிழிஞ்சி ஈக்குதா?"

"இல்ல டொக்டர். நல்ல தோலு."

"அப்ப எதுக்கு?"

"படிவத்துக்கு."

லைன் அறுந்துவிட்டதோ என்று லியோன் போனைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. முழுவதையும் சொன்னார்: பெட்டி, பூச்சியம், பிரட்டு, லயத்து அறை.

"காயத்துக்கு இடது பக்கம் நாலு வெரல் தள்ளி," என்றார் டொக்டர் கடைசியில். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது லியோன் மேல் இல்லை. "தோலுல மட்டும். பசையில கை படப்படாது. வெறைக்க ஊசி போட்டுட்டுச் செய்ங்க. இத நானும் ஆராய்ச்சியில எழுதணுமே. என்னன்னு எழுத?"

"உள்ளத எழுதுங்க டொக்டர்."

லியோன் கை கழுவினார். இடத்தைச் சுத்தம் செய்து, விறைக்க ஊசி போட்டு, கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டார். அவர் வாழ்நாளில் போட்டவற்றில் அதுதான் மிக நேர்த்தியான தையல். சேர்த்துவைக்க ஒன்றுமில்லாத இடத்தில் தைப்பது சுலபம். பாப்பம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். முடிச்சுப் போடும்போது, "மன்னிச்சிருங்க பாப்பம்மா," என்றார். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றே ஆபீசில் சேதுராமன் பூச்சியத்தை அழித்து ஒன்று போட்டார். 'வயிறு: தையல் பிரித்து 28 நாள்' என்று வந்தது.

"பாத்தீங்களா? மெசின்ல ஒரு பிழையும் இல்ல," என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிறகு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து பூச்சியமா இருந்துச்சே?"

"இன்னைக்குத்தான் போட்டேன்."

சேதுராமன் ஸ்கிரீனைப் பார்த்தார். அதற்கு ஒரு பெட்டி இல்லாததால் மேலே எதுவும் கேட்கவில்லை.

சாயந்திரமே கலாராணி மறுபடியும் வந்து சேலையை விலக்கிப் பார்த்தாள். "ஒன்னுதானா?" என்றாள். "ஒன்னுதான்," என்றாள் பாப்பம்மா. கலாராணி உச்சுக்கொட்டினாள், ஒரு தையலுக்கு உரிய அளவு. "அப்ப ஏதோ செஞ்சுதான் இருக்காங்க," என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆபரேஷன் அன்றுதான் நடந்தது போல சனங்கள் பிஸ்கட்டோடு வரத் தொடங்கினார்கள்.

பத்தாம் நாள் லியோன் தையலைப் பிரித்து, நூலைப் படிவத்தில் ஒட்டி அனுப்பினார். ஆனால் அவருக்கு உண்மையான பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. இரண்டாம் கிழமை, மூன்றாம் கிழமை. பசையும் பாதி, சதையும் பாதி. ஒவ்வொரு நாளும் ஏதாவது சாட்டுச் சொல்லி அந்த லயத்துப் பக்கம் போனார். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பாப்பம்மா வாளியில் கை வைக்கப் போவதைக் கண்டு, ரோட்டில் நின்றே சத்தம் போட்டார். அவளுக்குப் பதிலாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனது கலாராணி. "ஒரு தையலுக்கு இந்தக் கூத்தா? எனக்குப் பதினொன்னு," என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே தூக்கினாள்; ஆனால் அன்று முதல் தினமும் அவள்தான் தூக்கினாள்.

ஆறாம் கிழமை பாப்பம்மா பேராதனைக்குப் போனாள். லியோனும் கூடப் போனார். டொக்டர் ஆஸிகா அவளை இருமச் சொன்னார், எழும்பி நிற்கச் சொன்னார், வயிற்றில் விரல் வைத்து மறுபடியும் இருமச் சொன்னார். எதுவும் பிதுங்கவில்லை. ஸ்கேனிலும் வலை வைத்த இடத்திலேயே இருந்தது.

"பசை போயிட்டுது," என்றார் டொக்டர். முகம் மலர்ந்திருந்தது. வெட்டிய கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கே லைட்டைக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் நாலு விரல் தள்ளி, இரண்டு கறுப்புப் புள்ளிகள் லைட் இல்லாமலே தெரிந்தன. டொக்டரின் விரல் அங்கே நின்றது. "இது மட்டும் தழும்பு விழுந்து ஈக்குது. இது போகாது."

"பரவால்லீங்க. அது ஆஸ்பத்திரிக் காயம் இல்லை, ஆபீசுக் காயம்," என்றாள் பாப்பம்மா.

டொக்டர் ஆராய்ச்சிக் கொப்பியைத் திறந்தார். 'வேறு நிகழ்வுகள்' என்ற இடத்தில் எழுதியிருந்ததை லியோன் எட்டிப் பார்த்தார். 'ஒரு தையல். இடம்: காயமில்லாத தோல். காரணம்: லீவு.' உள்ளதைத்தான் எழுதியிருந்தார்.

லியோன் கொழும்புக்கும் எழுதியிருந்தார். பசை என்றால் என்ன, அது எப்படிக் கரைகிறது, எந்தக் கிழமைகளில் ஆபத்து என்று மூன்று பக்கம். டொக்டரின் கடிதத்தையும் சேர்த்திருந்தார். சொன்னபடி மூன்று மாதத்தில் பதில் வந்தது. சேதுராமன் அதை ஆபீசிலிருந்து தானே கையில் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கி வந்தார்.

"ஒங்களாலதான் ஐயா. புதுப் படிவம். பதினொன்னு-அ."

லியோன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தையல் பெட்டிக்குப் பக்கத்தில் 'பசை' என்று ஒரு புதிய பெட்டி இருந்தது. பசை போடப்பட்டவர்களுக்கும் தையலுக்கு உரிய அதே லீவு என்று தெளிவாக எழுதியிருந்தது. லியோனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு தன் கையால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று நினைத்தார். பிறகு கீழே இருந்த குறிப்பை வாசித்தார்.

'அகற்றிய நூலை அல்லது அகற்றிய பசையை இப்படிவத்துடன் ஒட்டி அனுப்பவும். இல்லையேல் சிறு காயமாகக் கருதப்படும்.'

"கிளாக்கர் ஐயா, அது தானாக் கரைஞ்சு போற பசை. ஒட்டி அனுப்ப ஒன்னும் மிஞ்சாது."

சேதுராமன் யோசித்தார். அவருக்கு உதவி செய்யத்தான் ஆசை. "அப்ப கரையிறதுக்கு முன்னுக்கே எடுத்துருங்களேன்," என்றார்.

அவர் போன பிறகு லியோன் படிவத்தை மடித்து ஃபைலில் வைத்தார். அடுத்த கிழமை மேல் டிவிஷனிலிருந்து இரண்டு பேர் அதே ஆபரேஷனுக்குப் பேராதனைக்குப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். மருந்துகளுக்கு ஓடர் எழுதும் புத்தகத்தை எடுத்தார். 'தையல் நூல், கறுப்பு, இரண்டு பெட்டி' என்று எழுதினார். பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'பசையால் ஒட்டப்பட்டவர்களைத் தைப்பதற்கு.'